பத்து நிமிட ஈரம்

தம்பியின் உடலை ஏற்றிய தள்ளுவண்டி வாசலைத் தாண்டியதுமே அக்கா கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டாள். ஏழாம் நம்பர் கட்டில் காலியாகக் கிடந்தது.

"உங்களுக்கென்ன பைத்தியமாக்கா? வெளிய தம்பி பொண்டாட்டி தனியா அழுதுட்டிருக்கா, போங்க. இதை வேற ஆள வெச்சுப் பாத்துக்கறேன்," என்றாள் நர்ஸ்.

"நானே தொடைக்கிறேன் சிஸ்டர்."

தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினோரு வருஷமாகத் துப்புரவு வேலை. ஒரு கட்டிலுக்கு ஒரு துணி. மருந்துத் தண்ணீர் பத்து நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். அதற்குள் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் கிருமி பிழைத்துக்கொள்ளும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைத் தொண்டைத்தண்ணி வற்றச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். பெரிய டாக்டர் வந்து அவசரப்படுத்தினாலும் மசியமாட்டாள். 'கடிகார அக்கா' என்று பேரே வைத்திருந்தார்கள்.

பதினெட்டு நாளைக்கு முன்னால் ஒருதடவை மசிந்தாள். லாரி மோதி, விலா எலும்பு நொறுங்கி, வாசலில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தது தம்பி. மருந்துத் தண்ணீர் தெளித்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. உலர்ந்த துணியை எடுத்துப் பரபரவென்று துடைத்துவிட்டு, "ரெடி, ரெடி, தூக்கிட்டு வாங்க" என்று கத்தினாள்.

அந்த வலியிலும் அவனுக்கு வாய் அடங்கவில்லை.

"அக்கா தொடச்ச கட்டிலு. மகாராஜா மாதிரி படுப்பேன்."

எலும்பு தேறிக்கொண்டுதான் வந்தது. ஒன்பதாம் நாள் காய்ச்சல் அடித்தது. எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி என்றார் டாக்டர். அதே கட்டிலில் முன்பு இருந்த பெரியவரைக் கொண்டுபோனதும் அதே கிருமிதான்.

"இந்தக் கட்டில்லேருந்துதான் வந்துச்சா சிஸ்டர்?" துணியை நனைத்தபடியே கேட்டாள் அக்கா.

"குழாய், ஊசி, எங்க கை... எதுலேருந்து வேணா வந்திருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாதுக்கா."

"நான் பத்து நிமிஷம் ஈரமா விடலயே."

நர்ஸ் மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

அக்கா மெத்தையைத் துடைத்தாள். அழைப்பு மணியின் பொத்தானைத் துடைத்தாள். பக்கவாட்டுக் கம்பியில் அவன் பிடித்துப் பிடித்து மங்கியிருந்த இடம் வந்தபோது கை நின்றுவிட்டது. பாவி, இதையும் என் கையாலேயே அழிக்க வேண்டுமா? அழித்தாள்.

வெளியே ஒரு ஸ்ட்ரெச்சர் வந்து நின்றது. அதில் படுத்திருந்தவரின் கையைப் பிடித்தபடி ஒரு பெண் ஓடிவந்திருந்தாள்.

"கட்டில் காலியாத்தானே இருக்கு? உள்ள விடுங்கம்மா, என் அண்ணன்மா!"

"ஆக்சிஜன் ஓடிட்டுதான் இருக்கு, பயப்படாத. இன்னும் ஏழு நிமிஷம்," என்றாள் அக்கா.

"கூடப் பொறந்தவன் கெடந்தா தெரியும் உனக்கு!"

அக்கா வாசலை மறித்து நின்றுகொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கம்பியில் ஈரம் மினுங்கியது. கையுறைக் கையால் முகத்தைத் தொடக் கூடாது என்பதால் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே நின்றாள்.