ஏழாம் எண் அச்சு

கத்தரிக்கோலும் குப்பைப் பையும் மேசைமேல் தயாராக இருந்தன. ஏழாம் எண் அச்சை எடுக்கத்தான் அவளுக்குக் கை வரவில்லை.

ஒரு கொடியின் இலைச்சாற்றைக் களிம்பில் சேர்த்தால் கண்ணோரச் சுருக்கம் குறையுமா என்று பார்க்கும் சோதனை அது. முப்பது பேர், பன்னிரண்டு வாரம். கண்ணோரத்தில் சிலிக்கான் பசை தடவி, ஐந்து நிமிடம் இறுகவிட்டு உரித்தால் கோடுகளெல்லாம் அப்படியே பதிந்துவிடும். தொடக்கத்தில் ஓர் அச்சு, முடிவில் ஒன்று. ஆள் ஒன்று குறைந்தபோது அவள் தன் கணவனையே ஏழாம் எண்ணாக இழுத்து வந்து உட்கார வைத்தாள். ஐந்தாம் வாரம், காலையில் பல் துலக்கப் போன மனிதர் குளியலறை வாசலிலேயே சரிந்துவிட்டார். மாரடைப்பு.

"பாதியில விலகினவங்க அச்சை அழிச்சிடணும்மா," என்றார் மேலாளர், அவள் முகத்தைப் பார்க்காமல். "கஷ்டமா இருந்தா வேற யாரையாவது செய்யச் சொல்றேன்."

"வேண்டாம் சார். நானே செஞ்சிடறேன்."

விலகினாராம். எங்கே விலகினார்? அவள் கேட்ட எதற்கும் அவர் ஒரு நாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

அச்சை விளக்கடியில் வைத்துப் பார்த்தாள். மெல்லிய நாலைந்து கோடுகள், அவ்வளவுதான். யாருடைய கண்ணாகவும் இருக்கலாம். அன்று பசை தடவியபோது அந்த மனிதர் சும்மா இருந்தாரா? கூசுகிறது என்று கெக்கேபிக்கே என்று ஒரே சிரிப்பு. சிரித்தால் கோடு ஆழமாகிவிடும், அளவு தப்பிவிடும். மூன்று அச்சு பாழ்.

"என்ன, சின்னப் பிள்ளையா நீங்க? என் வேலைக்கு வேட்டு வச்சிடாதீங்க. அஞ்சு நிமிஷம் சிரிக்காம இருங்க."

"நீ இப்படி மூஞ்சிய வச்சுக்கிட்டா எப்படிச் சிரிக்காம இருக்கறது?"

நாலாவது தடவை, பாவம், மூச்சைப் பிடித்துக்கொண்டு அடங்கிக் கிடந்தார். அந்த அச்சுதான் இது. சிரித்த மூன்றையும் 'பழுது' என்று எழுதித் தன் கையாலேயே பையில் போட்டாள். அவருடைய முகம் அந்த மூன்றில்தான் இருந்தது.

அழிக்கச் சொன்னது அச்சைத்தான். பிரதி எடுக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஒட்டாமலிருக்க லேசாக வாஸ்லின் பூசி, அதன்மேல் புதுப் பசையை ஊற்றினாள். மணி பார்த்துக்கொண்டாள். அன்று அவருடைய நெற்றியைத் தான் பிடித்திருந்தது போலவே அச்சின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள்.

"இப்பச் சிரிங்க," என்றாள். "நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

ஐந்து நிமிடமும் அவள் விரலடியில் பசை ஆடாமல் அசையாமல் இறுகிக்கொண்டிருந்தது.