டிவிக்குக் கொடுத்த துண்டு

1

இந்தக் கதை என் கற்பனை இல்லை. அண்ணி துணி மடித்துக்கொண்டே சொன்னார், நான் எடுத்துக்கொண்டேன். எழுதப்போவதையும் சொல்லிவிட்டேன். "எழுதுங்க தம்பி. ஆனா நான் அழுததா மட்டும் எழுதாதீங்க" என்றார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: கட்டுப்பாட்டு அறையின் திரைகள் சிவப்பாய் மின்ன, அவள் விழிகளில்...

(அடித்துவிட்டேன். அன்று திரை மஞ்சளாகத்தான் இருந்ததாம்.)

2

அண்ணிக்கு ஒரு மொபைல் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில் வேலை. டவர்கள் எல்லாருக்கும் பொது. ஆனால் அவை தாங்கும் அளவைத் துண்டு போட்டுக் கொடுக்கிறார்கள். ஆம்புலன்ஸுக்கு ஒரு துண்டு, மைதானத்திலிருந்து நேரலை அனுப்பும் டிவிக்கு ஒரு துண்டு. இரண்டுக்கும் தரம் குறையாது என்று ஒப்பந்தம். மிச்சம் ஊருக்கு.

(ஒரே வீட்டை மூன்று குடித்தனத்துக்குத் தடுத்த மாதிரி என்று எழுதியிருந்தேன். "இங்க சுவர நகர்த்தலாம் தம்பி. அதான் வில்லங்கமே" என்றார் அண்ணி.)

3

அன்று கால்பந்து இறுதி ஆட்டம். அண்ணன் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். மைதான வாசல் நெரிசலில் பாப்பாவின் கை நழுவிவிட்டது. அண்ணன் எத்தனை முறை போட்டும் போன் போகவில்லை. ஊருக்கான துண்டு பிதுங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு குறுஞ்செய்தி மட்டும் எப்படியோ அண்ணிக்கு வந்து சேர்ந்தது: "பாப்பாவக் காணோம்."

அண்ணி மேலதிகாரியிடம் போனார்.

"சார், டிவி துண்டுல கொஞ்சம் எடுத்து ஊருக்கு விடலாமா? வாசல் பக்கம் யாருக்கும் கால் போகல."

"அதுல கை வைக்காதீங்கம்மா. வாக்குக் குடுத்திருக்கோம்."

"சரி சார்" என்று திரும்பி வந்து உட்கார்ந்தார். டிவியின் துண்டைக் குறைத்தார்.

(இங்கே அண்ணியின் மனப்போராட்டம் ஒரு பக்கத்துக்கு இருந்தது. "அப்படியெல்லாம் ஒண்ணும் யோசிக்கல" என்றார். எடுத்துவிட்டேன்.)

ஊரெங்கும் டிவியில் படம் உறைந்து நின்றது. வெற்றிக் கோலை வீட்டிலிருந்த யாரும் பார்க்கவில்லை. அண்ணியின் போன் அடித்தது. தண்ணீர் பாட்டில் விற்கும் ஒரு பெண் பேசினார்.

"உங்க பொண்ணு எங்கிட்டதான் இருக்கும்மா. நம்பரக் கடகடன்னு சொல்றா."

பிறகு பாப்பாவின் குரல்: "அம்மா, ஒண்ணுக்கு வருது."

"அந்த அக்காகிட்ட சொல்லுடா" என்று மட்டும்தான் அண்ணியால் சொல்ல முடிந்தது.

4

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அண்ணிக்கு வேலை போகிறது. இன்னொன்றில் மேலதிகாரி மனம் மாறி... (எனக்கே சிரிப்பு வந்தது.)

நிஜத்தில் நாளைக்கு விசாரணை. கேட்கப்போவது ஒரே கேள்வி: சொந்தப் பெண்ணுக்காகச் செய்தீர்களா, வாசலில் தவித்த கூட்டத்துக்காகவா? கூட்டத்துக்காக என்றால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள் என்று மேலதிகாரியே காதில் போட்டிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் எத்தனையோ பேருக்கு அப்போதுதான் போன் போனது என்பதும் பொய்யில்லை.

"என்ன அண்ணி சொல்லப் போறீங்க?"

"குறுஞ்செய்தி வரலன்னா செஞ்சிருப்பேனா? அதத்தான் யோசிச்சிட்டிருக்கேன். தெரியல தம்பி."

எனக்கும் தெரியவில்லை. அதனால் அடுத்த வரியை நான் எழுதவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதிக்கொள்ளுங்கள். அண்ணி காலையில் சீக்கிரமே கிளம்பிவிடுவார்.