முட்டுச்சந்தை மறித்த லாரி

"அண்ணி, சாவியக் குடுத்துடுங்க," என்று கொழுந்தன் மறுபடியும் குனிந்து காதோடு சொன்னான். அவள் கணவன்மேல் கிடந்த போர்வையை இழுத்துவிட்டாள். தோளை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தோள் தெரிந்தது. ஆள் நெட்டை.

வீடு முட்டுச்சந்தின் கடைசியில். சந்தின் வாயில் புருஷன் நிறுத்திய கம்பெனி லாரி. அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம். ஒருவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு போக முடியாது. அமரர் வேன் மெயின் ரோட்டிலேயே காத்துக்கிடந்தது.

மாசக்கணக்கில் சம்பளம் வராதவன் வேறென்ன செய்வான்? ஆபீஸுக்கு நடையாய் நடந்து செருப்புத்தான் தேய்ந்தது. எப்போது போனாலும் 'அடுத்த வாரம்'. பிறகு போர்டை மாற்றினார்கள், லாரிக் கதவிலும் புதுப் பேர் எழுதினார்கள். நாற்காலி அதே, அதில் உட்கார்ந்த முதலாளியும் அதே. "உன் பாக்கி பழைய கம்பெனியிலப்பா. இது வேற கம்பெனி," என்றார். புகார் கொடுக்கப் போன இடத்தில், அங்கே வேலை பார்த்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கையைத்தான் காட்ட முடியும்.

ஒருநாள் சரக்கை இறக்கிவிட்டு நேராக வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டான். "இனிமே அவங்க நம்மளத் தேடி வரட்டும்," என்று சாவியை அவளிடம் கொடுத்தான். "நானே கேட்டாலும் குடுக்காத. எனக்கு மனசு இளகிடும்."

தேடித்தான் வந்துவிட்டார்கள். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மத்தியானத்துக்குள் மானேஜர் ஒரு டிரைவரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். பாவிகளுக்குச் சம்பளம் கேட்டால் மட்டும் காது கேட்காது.

"கணக்க அப்புறம் பேசிக்கலாம்மா. மொதல்ல ஆகவேண்டியது ஆகட்டும்."

"பேசறதுக்கு அவர் எங்க இருக்காரு?"

மானேஜர் சாவிக்காகக் கையை நீட்டினார்.

"வண்டிய வெளிய எடுத்து ரோட்டோரமா நிறுத்தட்டும். சாவி எங்கிட்ட இருக்கட்டும்," என்றாள் அவள்.

"அது முடியாதும்மா. எடுத்தா நேரா ஷெட்டுக்குத்தான். மொதலாளி உத்தரவு."

கொழுந்தனுக்கு ஸ்கூட்டரைத் தாண்டி எதுவும் ஓட்டத் தெரியாது. அந்த வீட்டில் லாரி ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் போர்வைக்குள் கிடந்தான். சாவி போனால் பணமும் போனமாதிரிதான் என்று அவளுக்குத் தெரியும். மகளின் காலேஜ் ஃபீஸ், வாடகை பாக்கி எல்லாம் அந்த ஒரு சாவியில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

அதுவரை மூலையில் இருந்த மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"குடுத்துடும்மா. அப்பாவ எவ்வளவு நேரம் இப்படியே வெச்சிருக்கறது?"

அவள் எழுந்தாள். மானேஜர் நீட்டிய கையைத் தாண்டிப் போய் அந்த டிரைவரின் முன் நின்றாள்.

"உங்களுக்கு ஒழுங்கா சம்பளம் வருதா?"

அவன் மானேஜரை ஒரு தரம் பார்த்தான். "சாவியக் குடுங்கக்கா," என்றான்.

கொடுத்தாள்.

லாரி பின்பக்கமாகத்தான் வெளியே போயாக வேண்டும். புது ஆளுக்கு அந்தச் சந்து பிடிபடவில்லை. இரண்டு முறை சுவரில் உரசினான். அவள் லாரிக்கும் சுவருக்கும் நடுவே உடம்பைக் குறுக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனாள். புருஷன் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் பின்னால் நின்று குரல் கொடுத்தவள் அவள்தான். "இவ சொன்னா கண்ண மூடிட்டு எடுப்பேன்," என்பான்.

"லெஃப்ட்ல ஒடிங்க. இன்னும் கொஞ்சம். வரட்டும், வரட்டும்."

லாரி முழுசாக ரோட்டுக்கு வந்ததும் பக்கவாட்டுப் பலகையில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள். "ரைட்." அது திரும்பி ஷெட்டுப் பக்கம் போனது.

வேன்காரன் இன்ஜினைப் போட்டான். சந்துக்குள் பின்பக்கமாக நுழைய வேனை வளைத்துவிட்டு, கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தபடி காத்திருந்தான்.

அவள் கையைத் தூக்கினாள்.

"வரட்டும், வரட்டும்," என்றாள்.