கம்பெனி பார்க்கப் போனேன்

வேலை கேட்டுப் போகிறவள் வாயை மூடிக்கொண்டு போக வேண்டும் என்பது என் நாத்தனாரின் கொள்கை. போன முதலாளியிடம் அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண் அசந்தால்கூட அந்த மனுஷன் போன் போட்டு, பேனா எங்கே இருக்கிறது என்று கேட்பார். பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள், எனக்கு வந்துவிட்டது. இனி எந்தக் கம்பெனியானாலும், அவர்கள் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் நான் அவர்களைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அவசரம் இல்லாமலும் இல்லை. நான் ரிசப்ஷனிஸ்ட். இந்த மாதத்துக்குள் எங்கேயும் சேராவிட்டால் நாத்தனாரின் ஜெராக்ஸ் கடைக்குப் போய்விட வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். "நம்ம கடைதானே, வந்து உக்காரு" என்றாள் அவள். நம்ம கடை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தரையைக் கூட்டுவது, அவள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது, நடுநடுவே அவள் வாயில் விழுந்து எழுந்திருப்பது. பிடிக்கவில்லை என்றால் வேலையை வேண்டுமானால் விடலாம், நாத்தனாரை எப்படி விடுவது? நினைத்தாலே பயமாக இருந்தது.

ஒரு கம்பெனியிலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். முந்தின நாள் சாயங்காலமே அந்தக் கம்பெனிக்கு எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தேன். பக்கத்துக் கட்டடங்களில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இங்கே மட்டும் அணைகிற வழியைக் காணோம். வாசலில் நின்ற காவலாளியிடம் போய், "எத்தனை மணிக்கு விடுவாங்கண்ணே?" என்று கேட்டேன்.

"விட்டா சொல்றேம்மா," என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீ வேலைக்குப் போறியா, ரெய்டுக்குப் போறியா?"

மறுநாள் வரவேற்பறையில் நுழைந்தால் சுவரில் ஆளுயரத்துக்கு 'நாம் எல்லோரும் ஒரே குடும்பம்' என்று எழுதியிருந்தது. இருக்கிற குடும்பத்திலிருந்து தப்பித்து வருகிறவளை இப்படியா வரவேற்பார்கள்? ஓர் ஆபீசின் லட்சணத்தைத் தெரிந்துகொள்ளக் கழிப்பறையைப் பார்த்தால் போதும். போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்குக் கீழே ஒரு கப்பில் டூத்பிரஷ்கள் நெருக்கியடித்து நின்றன. ஜன்னல் கம்பியில் ஒரு தலையணை உறை காய்ந்துகொண்டிருந்தது. சரிதான், குடும்பமேதான்.

திரும்பி வந்தால் ரிசப்ஷன் நாற்காலியில் ஆள் இல்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளேயிருந்து ஒரு ஜீவன் எட்டிப் பார்க்கவில்லை. அடிக்கிற போனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என் கைக்குத் தெரியாது. எடுத்தேன். சரக்கு வரவில்லை என்று யாரோ கத்தினார், சமாதானம் சொல்லி வைத்தேன். மறுபடி அடித்தது. நின்றுகொண்டே எவ்வளவு நேரம் பேசுவது என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். கூரியர்காரர் கையெழுத்துக் கேட்டார், போட்டேன். ஒருவர் போகிற போக்கில் ஒரு கட்டு கவரை மேசையில் போட்டு, "இத மாடிக்கு அனுப்பிடுங்க" என்றார். அனுப்பினேன். பழகின செக்குமாட்டுக்கு வழி காட்ட வேண்டுமா என்ன?

அடுத்து வந்தது ஓர் இளம் பெண்ணின் குரல். "அக்கா, மூணு மணிக்கு எனக்கு அங்க இன்டர்வியூ. ரிசப்ஷன் வேலைக்கு. உங்க ஆபீஸ் எப்படிக்கா? எனக்குக் கைக்குழந்தை இருக்கு. ஆறு மணிக்குக் கிளம்ப விடுவாங்களா?"

என் வேலைக்குப் போட்டிக்காரி, விசாரிப்பது என்னிடமே! அவள் வராவிட்டால் எனக்குத்தான் லாபம். அதனாலேயே உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆனால் கைக்குழந்தை என்கிறாளே.

"பாத்ரூம்ல டூத்பிரஷ் வெச்சிருக்காங்கம்மா," என்றேன்.

"புரிஞ்சுதுக்கா," என்று வைத்துவிட்டாள்.

ஒரு வழியாக என்னை உள்ளே கூப்பிட்டார்கள். முதலாளி வாயெல்லாம் பல்லாக எழுந்து நின்றார். பக்கத்தில் மேனேஜர் அம்மா, தூங்கிப் பல நாளான முகத்தோடு.

"அந்த சீட்டை வேணும்னேதான் காலியா விட்டோம்மா. அதான் எங்க டெஸ்ட்!" என்றார் முதலாளி. "காலையிலேருந்து வந்தவங்க எல்லாம் போன் அடிக்க அடிக்க மொபைலை நோண்டிக்கிட்டு இருந்தாங்க. நீங்க மட்டும்தான் எடுத்தீங்க. மூணு மணிக்கு வரவேண்டிய பொண்ணும் வரலைன்னு இப்பதான் எனக்கு மெசேஜ் போட்டுச்சு. நாளைக்கே சேந்துடுங்க."

பொய் சொல்வானேன், முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் பற்றிக்கொண்டு வந்தது. ஓசியில் வேலை வாங்கிவிட்டு அதற்கு டெஸ்ட் என்று பெயரா? நான் இவர்களை எடைபோட வந்தேன், இவர்கள் என்னை மூட்டையாகவே கட்டிவிட்டார்கள்.

"ஆறு மணிக்குக் கிளம்பிடுவேன் சார். அத ஆர்டர்ல எழுதிக் குடுங்க."

"குடும்பத்துக்குள்ள யாராவது எழுதிக் கேப்பாங்களாம்மா?"

"குடும்பத்துக்குள்ள யாரும் டெஸ்டும் வெக்க மாட்டாங்க சார்."

அவர் பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது. "எழுதியெல்லாம் தர முடியாது."

"அப்ப நான் வரலை," என்று எழுந்துவிட்டேன்.

வீராப்பு அந்த அறையோடு சரி. படி இறங்கும்போதே ஜெராக்ஸ் கடை கண்முன்னால் வந்து நின்றது. பாதிப் படியில் மேனேஜர் அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"வேற எங்க சேரப் போறீங்க?"

"என் நாத்தனார் கடையில," என்றேன், தூக்குமேடை என்று சொல்கிற குரலில்.

"அங்க எத்தனை மணிக்கு விடுவாங்க?"

"தெரியாது."

"என்னென்ன வேலைன்னு பேசிட்டீங்களா?"

"அவங்ககிட்ட எப்படிங்க பேசறது?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க முதலாளிகிட்ட அந்தப் பேச்சு பேசினீங்க!"

சுருக்கென்று தைத்தது. ஊரான் கம்பெனியைக் கழிப்பறை வரை சோதனை போட்டவள், நாத்தனார் கடை என்றதும் ஒரு வார்த்தை கேட்காமல் கழுத்தை நீட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. தெருவுக்கு வந்ததும் நாத்தனாரைப் போனில் கூப்பிட்டேன்.

"அண்ணி, இன்டர்வியூ எப்ப வெச்சுக்கலாம்?"

"நம்ம கடைக்கு வர உனக்கு என்னடி இன்டர்வியூ?"

"எனக்கில்ல அண்ணி. உங்களுக்கு."

"கொழுப்புடி உனக்கு!" என்று கத்தினாள். ஆனால் போனை வைக்கவில்லை. நான் முதல் கேள்வியைக் கேட்டேன்.