‘வா’ சொல்ல ஒரு ஆள்

போனில் வழி சொல்கிற பெண் குரலுக்கு வெல்டர் வைத்த பெயர் டீச்சர். எத்தனை தடவை தப்புப் பண்ணினாலும் குரலை உயர்த்தாமல் மறுபடி சொல்லிக்கொடுக்கிறாளே, அதனால்.

பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற பட்டறையில் காலமெல்லாம் புகை குடித்தவர் அவர். வேலையை விட்டதும், அங்கே கழித்துப் போட்டிருந்த சின்ன பஸ் ஒன்றை வாங்கினார். சீட்டெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு கட்டில், அடுப்பு, கை கழுவத் தொட்டி, மடக்கு மேஜை என்று உள்ளே ஒரு குடித்தனத்தையே வைத்துவிட்டார். கூரைமேல் தண்ணீர் டேங்க் வேறு. “வீட்டுக்குச் சக்கரம் வச்சாச்சு. இனி கரண்ட்காரன் உங்களைத் துரத்திப் பிடிச்சாத்தான் உண்டு” என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார்.

எல்லோரும் ஏறிப் பார்த்தாயிற்று. பட்டணத்தில் இருக்கிற மகள் மட்டும் பார்க்கவில்லை. நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகிறாள், அன்று சாயங்காலம் விமானம். போனால் எப்போது வருவாளோ.

“ரயில்ல வந்துடுங்கப்பா. மத்தியானத்துக்குள்ள வந்தாப் போதும்” என்றாள்.

“வீட்டையே கொண்டு வர்றேன். நீ உள்ள உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ.”

அதற்குத்தான் இந்தப் பயணம். அவள் ஒரு தடவை உள்ளே வந்து உட்கார வேண்டும். வேறு ஆசை எதுவும் அவருக்கு இல்லை.

விடியும்போதே பெரிய சாலையில் ஏறிவிட்டார். “இதே சாலையில் தொடர்ந்து செல்லவும்” என்று சொல்லிவிட்டு டீச்சர் வாயை மூடிக்கொண்டாள். எஞ்சின் சத்தம், காற்றுச் சத்தம், தொட்டியில் தட்டு உருளும் சத்தம். பேச்சு மட்டும் இல்லை.

வெல்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரிடமும் சொன்னதில்லை. பேச்சில்லாமல் நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தால் வேண்டுமென்றே ஒரு பிரிவுச் சாலையில் இறங்கிவிடுவார். வழி தவறினால் டீச்சர் பேசுவாள். வலது, இடது, மறுபடி வலது என்று பெரிய சாலை வந்து சேரும்வரை கூடவே பேசிக்கொண்டு வருவாள். அன்றும் நேரம் தாராளமாக இருக்கிறது என்று நினைத்து இறங்கினார்.

“பாதை மாற்றப்படுகிறது.”

“மாத்தும்மா, மாத்து. உனக்கும் போரடிச்சிருக்கும்.”

சாலை சிறுத்துக்கொண்டே போனது. ஒரு பக்கம் கம்பெனிகளின் நீளமான சுவர், மறுபக்கம் சாக்கடை. விடுமுறை நாள், கதவெல்லாம் பூட்டு. ஒரு வளைவு தாண்டியதும் எதிரே ரயில் பாலம், குனிந்து நிற்கிற கிழவன் மாதிரி.

“நேராகச் செல்லவும்” என்றாள் டீச்சர். அவள் கணக்கில் இவர் ஓட்டுவது கார், கூரைமேல் டேங்க் கிடையாது.

“நேராப் போனா டேங்கை நீ வாங்கித் தருவியா?”

டேங்கைக் கழற்றலாம் என்றால், பற்றவைத்தது இவர். இவர் பற்றவைத்ததை இவரே நினைத்தாலும் பிரிக்க முடியாது. பின்னால்தான் போக வேண்டும்.

வண்டி கட்டிய புதிதில் மனைவி இருந்தாள். பின்னால் நின்று தகரத்தைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் வா, ரெண்டு தட்டு என்றால் நில். இப்போது தட்ட ஆளில்லை. கொஞ்சம் பின்னால் எடுப்பார், இறங்கி ஓடிப் பார்ப்பார், ஏறி மறுபடி எடுப்பார். வளைவில் பின்சக்கரம் சாக்கடை விளிம்பில் போய் உட்கார்ந்தது. முன்னால் எடுத்தார், திரும்பவும் அதே இடம். முட்டி வலித்தது. மகளைக் கூப்பிடக் கூச்சமாக இருந்தது. வெயில் சாய ஆரம்பித்தபோது அவளே கூப்பிட்டாள்.

“எங்கப்பா இருக்கீங்க? ஏர்போர்ட் போற கார் வந்து நிக்குது.”

“ஒரு சந்துல மாட்டிக்கிட்டேம்மா. வழி காட்டுறவ இங்க கொண்டுவந்து விட்டுட்டா.”

“மெயின் ரோட்ட விட்டு ஏன் இறங்கினீங்க?”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. பிறகு நர்ஸ் குரலில் சொன்னாள்: “சரி. வீடியோ போடுங்க. போனைப் பின் கண்ணாடியில வெளிய பாக்குற மாதிரி டேப் போட்டு ஒட்டுங்க. நான் சொல்றேன், நீங்க எடுங்க.”

ஒட்டினார். ஓடிப்போய் ஸ்டியரிங்கைப் பிடித்தார். வண்டியின் பின்பக்கத்திலிருந்து மகள் கத்தினாள்.

“வாங்க, வாங்க... ஒடிங்க, சுவர்ப் பக்கம் ஒடிங்க! அய்யோ, சுவர் எந்தப் பக்கம்னு தெரியாதா உங்களுக்கு?”

“அப்படியே உங்கம்மா மாதிரி கத்துறே!”

“அம்மா பாவம். எப்படித்தான் சமாளிச்சாங்களோ! வாங்க, வாங்க... நில்லுங்க! முன்னாடி கொஞ்சம். இப்ப வாங்க.”

நடுவே கார்க் கதவு சாத்துகிற சத்தம், யாரோ ஹாரன் அடிக்கிற சத்தம். “டிரைவர் அண்ணா, எங்கப்பாக்கு ரிவர்ஸ் பாக்குறேன், தப்பா நினைக்காதீங்க” என்று அவள் சொல்வது கேட்டது. அவள் அங்கே முன்னால் போய்க்கொண்டிருந்தாள். இவர் இங்கே பின்னால் போய்க்கொண்டிருந்தார். வண்டி நிறைய அவள் குரல்.

வளைவு தாண்டி, சுவர் முடிந்து, நாலு தெரு கூடுமிடத்தில் வண்டி வந்து நின்றது.

“வந்துட்டீங்கப்பா! நானும் வந்துட்டேன், இறங்கணும்.”

“இரும்மா, இரு, உள்ள காட்டுறேன்.”

எழுந்து ஓடினார். டேப் நகத்துக்கு அகப்படவில்லை. பிய்த்து எடுத்துத் திருப்பியபோது திரையில் ஒரு பெரிய கட்டடத்தின் விளக்கு தெரிந்தது, பெட்டியை இழுக்கிற அவள் கை தெரிந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

பக்கத்துத் தெருவிலிருந்து வந்து நின்ற டிராக்டர்காரன் இறங்கி வந்து ஜன்னலைத் தட்டினான்.

“பெரியவரே, உங்க வீடு நடுரோட்டுல நிக்குது. எங்க போகணும்?”

“மகளைப் பாக்க வந்தேன்.”

“பாத்தாச்சா?”

“அவதான் பாத்தா. அதுவும் வண்டிக்குப் பின்னால இருந்த ரோட்டை.”

டிராக்டர்காரன் வண்டியை ஏற இறங்கப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். “கொஞ்சம் பின்னால ஓரமா எடுத்துக்குங்க, நான் பாத்துக்கிறேன்” என்று பின்பக்கம் போய் நின்று, “வா, வா” என்றான்.

வெல்டர் எடுத்தார்.