பியேர் என்றால் கல்

பியேர் என்று பெயர் சொல்லி அழைத்த மறுநிமிடம் குழந்தையைத் தராசிலிருந்து யாராலும் தூக்க முடியவில்லை. தராசு ரிப்பேர்க்காரரின் முதல் பிள்ளை அது. தன் கையால் பழுதுபார்த்த தராசில் கிடத்தித்தான் பெயர் வைக்க வேண்டும் என்று மனிதர் ஒற்றைக்காலில் நின்றிருந்தார். மாமன்மார் மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள், பிள்ளை அசைந்துகொடுக்கவில்லை. முள்ளோ மூன்றரைக் கிலோவில் நின்றது. "எடை சரியாத்தான் இருக்கு, உங்க கையிலதான் கோளாறு" என்று அப்பன்காரர் சாதித்தார்.

தெருவுக்குப் பிரெஞ்சுப் பெயர்களைக் கொண்டுவந்த புண்ணியவதி அவருடைய தங்கை. அழகு நிலையம் நடத்தியவள், கடையில் பெயர்ப் புத்தகம் ஒன்று வைத்திருந்தாள். வாய்க்குள் சொல்லிப் பார்த்து, இனித்தால் வைத்துவிடுவார்கள். பக்கத்திலேயே அர்த்தமும் அச்சாகியிருந்தது, அதைப் படிக்க யாருக்குப் பொழுதிருந்தது? பிரகாசமானவள் என்று அர்த்தம் வரும் பெயர் வைத்த அவள் மகள் கிளேர் இருட்டில் பல்பு மாதிரி எரிந்தபோதுகூட, பெண் நல்ல நிறம் என்றுதான் பீற்றிக்கொண்டாள்.

தாய் பட்டறை மேஜையோரம் குனிந்து குனிந்தே பால் கொடுத்தாள். இடுப்பு விட்டுப்போனது. "பெத்தவ நான். ஒரு தடவ தூக்கி வச்சிக்க முடியல" என்று அழுதாள். அதன்பிறகுதான் குடும்பம் கூடி அர்த்தத்தைப் படித்தது. வேறு பெயர் தேடினார்கள். செல்வத்தைக் காப்பவன் என்று போட்டிருந்ததால் மாமனாருக்கு எதுவார் என்ற பெயர் பிடித்தது. அவள் தம்பி, சிங்கம் என்று அர்த்தம் வரும் லெயோனைச் சொன்னான். "சிங்கத்துக்குப் பால் குடுக்க நீ வர்றியாடா?" என்று கேட்டுவிட்டு அவளே எமே என்று வைத்தாள். நேசிக்கப்படுபவன். இதில் என்ன கெடுதல் வந்துவிடப்போகிறது என்று நினைத்தாள், பாவம்.

பிள்ளை பூவாய்க் கைக்கு வந்தது. ஒருமுறை அழுது முடிக்கும்வரைதான் அவளிடம் இருந்தது. பிறகு நாத்தனார் வாங்கினாள், அவளிடமிருந்து டீக்கடைக்காரர், அவரிடமிருந்து பஸ்ஸை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு இறங்கிவந்த டிரைவர், அவர் பின்னால் வரிசையாகப் பயணிகள். இரண்டு வருஷம் பிள்ளை தெருவின் இடுப்பிலேயே வளர்ந்தது. முதல் பல்லைத் தபால்காரர் பார்த்தார். முதன்முதலாக 'அம்மா' என்றது எதிர்வீட்டு வாத்தியாரைப் பார்த்து. அவரும் வெட்கமில்லாமல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவள் வாசல் வாசலாகப் போய் நின்றாள். "கொஞ்ச நேரம் குடுங்க, நானும் பெத்தவதானே" என்றாள். கொடுத்தார்கள், ஆனால் பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஒரு சாயங்காலம் பிள்ளை மடிக்கு வந்ததும் அவள் குனிந்து, யாருக்கும் கேட்காமல், "பியேர்" என்றாள். அவ்வளவுதான். வாத்தியார் இழுத்துப் பார்த்தார், டிரைவர் இழுத்துப் பார்த்தார், ஒவ்வொருவராக வீட்டுக்குக் கிளம்பினார்கள். மடி கனக்கவில்லை, ஆனால் அவளாலும் எழ முடியவில்லை. அடுப்பில் ஏதோ தீய்ந்து புகை வந்தது. அவள் பிள்ளையின் தலையை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவர் எட்டிப்பார்த்தார், போய் அடுப்பை அணைத்தார். அன்றிலிருந்து சாயங்காலமானால் பியேர், விடிந்தால் எமே. அந்த வீட்டில் ராத்திரிச் சமையல் அவருடையது.