முன்பக்கத்துக்குக் கெட்டி எண்ணெய்

அக்காவின் கை நடுக்கத்தைத் தம்பிக்குக் காட்டிக்கொடுத்தது அவள் ஓட்டும் ரிமோட் கார்தான். நேரான பாதையிலும் முன்சக்கரங்கள் இடமும் வலமுமாகத் துடித்தன. ரிமோட்டில் இருக்கும் குட்டிச் சக்கரத்தைத் திருப்புவது அவள் விரல்கள். அவை ஆடினால் கார் ஆடும்.

மேடும் பள்ளமுமான அந்த மண் பாதையில் எத்தனையோ பேரை மண்ணைக் கவ்வ வைத்தவளிடம் இதை எந்த வாயால் சொல்வது? அவன் முன் டிஃபரன்ஷியலைக் கழற்றினான். சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக்கொடுக்கும் அந்தச் சின்ன டப்பாவில் இருந்த எண்ணெயை வடித்துவிட்டு, அதைவிடக் கெட்டியானதை ஊற்றினான். கெட்டியாக இருந்தால் முன்பக்கம் சாதுவாகிவிடும், விரல் துடிப்புக்கெல்லாம் துள்ளாது. பந்தயத்துக்குப் பந்தயம் கெட்டியைக் கூட்டிக்கொண்டே போனான். கோழைத்தனம்தான். வேறென்ன செய்வான், பாவம்.

இறுதிப் பந்தயத்தன்று, ஒத்திகைச் சுற்றிலேயே அக்கா கண்டுபிடித்துவிட்டாள்.

"வண்டி திரும்பவே மாட்டேங்குது. எருமை மாதிரி போகுது. என்னத்தடா ஊத்துற?"

"தரை மாறிடுச்சுக்கா, அதான் கொஞ்சம் கெட்டியா..."

"எனக்கே கதை சொல்றியா? பழைய எண்ணெயையே ஊத்து."

"வேண்டாம்க்கா."

"ஏன்?"

அவன் டப்பாவை மறுபடி கழற்றி, பழைய இளக்கமான எண்ணெயை ஊற்றிக் கொடுத்தான்.

கவிழும் கார்களை நிமிர்த்தி வைக்கும் வேலை அன்று அவனுக்கு. வளைவில் நின்றான். முதல் சுற்றிலேயே அக்காவின் கார் பேய் பிடித்ததுபோல ஆடிக்கொண்டு வந்து அவன் காலடியில் குப்புற விழுந்தது. நிமிர்த்தினான். அடுத்த சுற்றிலும் விழுந்தது, நிமிர்த்தினான். அதற்கு மேல் அவன் கையில் எதுவும் இல்லை. மூன்றாம் முறை நிமிர்த்தி வைத்த கார் நகரவில்லை. ஓட்டுநர் மேடையை அண்ணாந்து பார்த்தான். அக்கா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்தயம் முடிந்து, வண்டியைப் பழுதுபார்க்கும் மேசைக்கு வந்ததும் அவளே பேச்சை எடுத்தாள்.

"எண்ணெய்தான் தப்பு. நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்."

"ஆமாக்கா. எண்ணெய்தான்."

வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அடுத்த தடவை இன்னும் கெட்டியா ஊத்துடா."

"சரிக்கா" என்றான். அன்று காலை வடித்துக் கொட்டியதைவிடக் கெட்டியான எண்ணெய் எந்தக் கடையிலும் கிடைக்காது என்பது இருவருக்குமே தெரியும்.